எத்தனை நாள் ஆயிற்று? சிறு சொகுசுக் கப்பலில் அந்தஸ்து பிறக்கும் விதம் குறித்து ஓர் ஆராய்ச்சி

அந்தஸ்தைப் பற்றி ஆராய்ந்த பெரியவர்கள் பெரும்பாலும் தரையில் நின்றே ஆராய்ந்தார்கள். தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் வெளியிட்ட நூலில், வசதி படைத்தவர்கள் நாலு பேர் கண்ணில் படும்படி செலவழித்தே பெரிய மனிதர்கள் ஆகிறார்கள் என்று புட்டுப்புட்டு வைத்தார். அந்தக் கோட்பாடு நடக்க இரண்டு வேண்டும்: செலவழிக்க ஒரு கடைவீதி, செலவழிக்க வழியில்லாமல் வேடிக்கை பார்க்க ஒருவன். இரண்டும் இல்லாத இடத்தில் பெரிய மனிதர் எப்படி உருவாவார் என்பதை அவர் சோதித்துப் பார்க்கவில்லை. குறை சொல்ல முடியாது. அதற்கான சோதனைச்சாலை 1984-இல்தான் கடலில் இறங்கியது. ‘சீ காடஸ் 1’ என்று அதற்குப் பெயர். மறு ஆண்டு அதன் இரட்டையும் வந்தது. நூற்றுச் சொச்சம் பேர் மட்டும் ஏறலாம். இரவு உணவுக்கு இன்ன மேஜை, இன்ன நேரம் என்ற விதி கிடையாது. மதுவுக்குத் தனிப் பில் கிடையாது. இன்று ‘சீட்ரீம்’ என்ற பெயரில் ஓடும் அந்த இரு கப்பல்களிலும் 112 பயணிகளுக்குச் சுமார் 95 ஊழியர்கள். சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட் என்று இதே வழியில் வந்த கப்பல்கள் பெரியவை. ஆனால் குடும்பம் ஒன்றுதான்.

இக்கட்டுரை நிறுவ முனைவது ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட கப்பலில் ஏறும் படிக்கட்டிலேயே பணம் செத்துப்போகிறது. எல்லாரும் ஒரே ஷாம்பெயினைக் குடிக்கிறார்கள், ஒரே கேவியரைத் தின்கிறார்கள், யாரும் பர்ஸை எடுப்பதில்லை. சமத்துவம் மலர்ந்துவிட்டது என்று வெள்ளைக்கொடி ஏற்றலாம். மனித சுபாவம் விடுமா? பணம் செத்த இடத்தில் நாள் முளைக்கிறது. இந்தக் கம்பெனிக் கப்பல்களில் இதுவரை மொத்தம் எத்தனை நாள் கழித்திருக்கிறீர்கள் என்பதே அங்கே நிலம், நகை, பட்டம், பரம்பரை எல்லாம். புதிதாக ஏறுகிறவர் எதிர்பார்க்க வேண்டியது அலையையோ தலைசுற்றலையோ அல்ல, இந்தக் கணக்கைத்தான்.

முதலில் இடத்தின் அளவைப் பார்ப்போம், ஏனென்றால் அளவுதான் பாதி வேலையைச் செய்கிறது. 2024-இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பேர். அதில் ஒரு தம்பதி தினமும் எட்டுப் பேர் மேஜையில், ஒவ்வொரு இரவும் மூன்று புதுத் தம்பதிகளோடு சாப்பிட்டால், எல்லாரையும் பார்த்து முடிக்க 935 இரவு, அதாவது இரண்டரை வருடம் பிடிக்கும். 112 பேர் கப்பலிலோ மீதியிருப்பது 55 தம்பதிகள்தான். பத்தொன்பதாம் இரவு பட்டியல் தீர்ந்துவிடும். ஒரு வாரப் பயணத்திலேயே ஐந்தில் இரண்டு பங்குப் பேர் உங்கள் முட்டி உங்கள் மேஜையில் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். மனிதன் உறவு கொண்டாடக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை சுமார் 150 என்று ராபின் டன்பார் 1990-களில் கணக்குப் போட்டுச் சொன்னார். ‘விண்ட் ஸ்டார்’ என்ற பாய்மரச் சொகுசுக் கப்பல் 1986-லேயே 148 பயணிகளுக்கு இடம் வைத்துக் கட்டப்பட்டுவிட்டது. மானிடவியலைக் கப்பல் பட்டறை முந்திக்கொண்ட அபூர்வ சம்பவம் இது.

அளவு சுருங்கினால் என்ன ஆகும்? எர்விங் காஃப்மன் 1963-இல் ஒரு நல்ல விஷயத்தைக் கவனித்து எழுதினார். நகரத்தில் எதிரே வருகிறவரை ஒரு கணம் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாகக் கண்ணை விலக்கிக்கொள்கிறோம். இது அலட்சியம் அல்ல, நாகரிகம். இந்த நாகரிகம் சிறு கப்பலில் இரண்டாம் நாள் காலைவரைதான் தாங்கும். முந்தின இரவு யாருடைய மகள் விவாகரத்து ஆன கதையைக் கேட்டு ‘அடடா’ என்றீர்களோ, அவரே காலையில் முட்டைக்காக உங்கள் முன்னால் வரிசையில் நிற்கிறார். கண்ணை எங்கே விலக்குவது? இரண்டு பக்கமும் கடல்.

இனிக் களத்துக்கு வருவோம். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மேலாளர் நிற்கிறார். மாலை ஏழரை. தம்பதி வருகிறார்கள். “இரண்டு பேர் மட்டுமா, பிறரோடு சேர்ந்து உட்கார்கிறீர்களா?” என்று கேட்கிறார். அந்த நேரத்தில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை அரை விநாடிதான். அதில் முப்பது வருட தாம்பத்தியம் ஓடி முடிந்துவிடும். “சேர்ந்தே உட்காருகிறோம்” என்று இருவரில் ஒருவர் சொல்கிறார், மற்றவர் சிரிக்கிறார். நாற்காலி இழுக்கப்படுகிறது, நாப்கின் மடியில் விரிக்கப்படுகிறது. முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாம் கேள்வி, எந்தத் துறைமுகத்தில் ஏறினீர்கள். இவை இரண்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்வது மாதிரி. மூன்றாவதுதான் கேள்வி: “இந்தக் கப்பலில் முதல் தடவையா?”

எவ்வளவு கனிவாகக் கேட்கப்பட்டாலும் இதற்கு இரண்டே பதில் உண்டு, இரண்டும் ஆபத்து. “ஆமாம், முதல் தடவை” என்றால் கனிவு இன்னும் கூடும். ரொட்டிக்கூடை உங்கள் பக்கம் நகரும், எந்தத் தட்டை ஆர்டர் செய்யலாம் என்று உபதேசம் ஆரம்பிக்கும். “பதினொன்றாவது” என்றால் ஒரு சின்ன மௌனம். பிறகு மேஜையின் கோடியிலிருந்து ஒருவர், வெண்ணெய் தடவிக்கொண்டே, தலை நிமிராமல், “நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்” என்பார். எண்ணுவதை நிறுத்தியவர்தான் துல்லியமாக எண்ணுகிறவர் என்பது இவ்வாய்வின் துணைத் தேற்றம். அவர் எண்ண மறந்தாலும் கம்பெனி மறக்காது. சில்வர்சீ தன் பழைய வாடிக்கையாளர்களுக்கு ‘வெனிஷியன் சொசைட்டி’ என்று ஒரு சங்கமே வைத்து நாட்களைக் கணக்கெழுதியது. மற்றக் கம்பெனிகளிலும் நாளோ இரவோ ஏதோ ஒன்றைக் கூட்டிப் படிநிலை வைக்கிறார்கள். பயணத்தின் நடுவே பழையவர்களுக்கென ஒரு விருந்து நடக்கும். அதிக நாள் மிதந்தவர் யார் என்று அறிவிப்பார்கள். கேப்டன் கை குலுக்குவார். எண்ணூறு நாள் என்று அறிவிக்கப்படும்போது கூட்டத்தில் எழும் அந்த ‘ஆ’வில் வியப்பு பாதி, ‘இவருக்கு வீடு வாசல் இல்லையா’ என்பது மீதி.

இது தற்கால வியாதி, கம்பெனிகள் கிளப்பிவிட்டது என்று ஒரு வாதம் எழலாம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் சிட்டி’ என்ற நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் கிளம்பியது. கட்டணம் ஆளுக்கு 1,250 டாலர். பயணிகள் எழுபதுக்குச் சற்று முன்பின். காசு கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு குழு விண்ணப்பத்தைப் பார்த்து ஆளை ஏற்க வேண்டும். பிரபல பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சரும் ஜெனரல் ஷெர்மனும் வருகிறார்கள் என்று விளம்பரம் செய்து, கடைசியில் இருவருமே வரவில்லை. வந்தவர்களில் மார்க் ட்வைன் இருந்தது அவர்களுடைய துரதிர்ஷ்டம். கட்டணம் எல்லாருக்கும் ஒன்று. நடுக்கடலில் வாங்க ஒன்றும் இல்லை. வரவேண்டிய பிரமுகர்களும் இல்லை. அப்போது எது அந்தஸ்து ஆயிற்று? பக்தி. இரவுதோறும் ஜெபக்கூட்டம், அதற்கு வருகிறவர்கள் ஒரு சாதி, புகை பிடித்துக்கொண்டு டாமினோ ஆடுகிறவர்கள் இன்னொரு சாதி. ஆரம்பத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து நாட்குறிப்பு எழுதினார்கள், அதிலும் ஒரு போட்டி; சில வாரத்தில் பலர் பேனாவை மூடிவிட்டார்கள். ட்வைன் மூடவில்லை. திரும்பி வந்த நவம்பரிலேயே பத்திரிகையில் சக பயணிகளைக் கிண்டலடித்தார், 1869-இல் புத்தகமாகவே போட்டார். ஆக, பணம் செத்த கப்பலில் ஏதாவது ஒன்று முளைத்தே தீரும் என்பதற்குச் சான்று ஒன்றரை நூற்றாண்டு பழையது. அன்று முளைத்தது பக்தி, இன்று நாள்.

‘எல்லாரும் முதல் வகுப்பு’ என்ற ஏற்பாட்டின் அடுத்த பெரிய சான்று ஜெர்மனியிலிருந்து. ஆல்பர்ட் பாலினின் ஹாம்பர்க் கம்பெனி, உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய ‘பிரின்ஸஸின் விக்டோரியா லூயிஸ்’ 1901-இல் ஓடத் தொடங்கியது. 120 அறை, அனைத்தும் முதல் வகுப்பு. அது தன் சொந்தப் படகைவிடச் சற்று நீளமாக இருப்பதைப் பார்த்துக் கெய்சர் முகம் சுளித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, வகுப்பு பிரிக்க முடியாத இடத்தில் சக்கரவர்த்தியே முழம் போட ஆரம்பிப்பார் என்பதை எவரோ புரிந்துகொண்டு சொன்ன கதை. கப்பல் 1906 டிசம்பரில் ஜமைக்காக் கரையில் தட்டி நாசமாயிற்று.

அடுத்த ஆட்சேபம் கனமானது. பணம் எங்கே சாகிறது? சிறு கப்பலிலும் பெரிய சூட், சின்ன சூட் உண்டே, ஓனர் சூட்டில் இருப்பவர் ராஜா அல்லவா? நியாயமான கேள்வி. குனார்டு கப்பல்களில் நீங்கள் எடுத்த அறையே நீங்கள் சாப்பிடும் கூடத்தைத் தீர்மானிக்கிறது. குவீன்ஸ் கிரில் ஆட்கள் ஒரு பக்கம், பிரிட்டானியா ஆட்கள் ஒரு பக்கம். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, கதவே சொல்லிவிடும். சிறு கப்பலில் கூடம் ஒன்று, மேஜை பொது. ஓனர் சூட்காரர் தன் அறையைக் காட்ட வேண்டுமானால் நாலு பேரை மதுவுக்கு அழைக்க வேண்டும். அழைத்தால் பீற்றல், அழைக்காவிட்டால் அறை வீண். அதோடு, ஒரே மாதிரி அறைக்கு ஆறு மாதம் முன்பு வாங்கியவர் ஒரு விலையும் கடைசி வாரத்தில் தள்ளுபடியில் வாங்கியவர் வேறு விலையும் கொடுத்திருப்பார்கள். அதனால் விலைப் பேச்சு அங்கே கெட்ட வார்த்தை. விவாகரத்து பேசலாம், மூட்டு அறுவை சிகிச்சையை எலும்பு எலும்பாக விவரிக்கலாம், டிக்கெட் விலையை மட்டும் வாய் தவறியும் சொல்லக்கூடாது. சொன்னால் மேஜையில் பாதிப் பேருக்கு அன்றிரவு தூக்கம் போகும். பணத்தின் பெயரைச் சொல்லவே தடை இருக்கும் இடத்தில் பணத்தால் எப்படி ஆள முடியும்?

மூன்றாவது ஆட்சேபம்: நான் யாரோடும் பேசப்போவதில்லை, புத்தகத்தோடு அறையில் இருப்பேன். இருக்கலாம். உணவு அறைக்கே வரும், ஒவ்வொரு தட்டாகவும் வரும். ஆனால் 112 பேரில் ஒருவர் வராவிட்டால் அது இல்லாமை அல்ல, செய்தி. முதல் நாள் வெயிட்டர் விசாரிப்பார், இரண்டாம் நாள் பக்கத்து அறைக்காரர் விசாரிப்பார், மூன்றாம் நாள் உங்களுக்கு வந்திருக்கும் நோய்க்குக் கப்பலே பெயர் வைத்துவிடும். தனிமையை விரும்புகிறவருக்குப் பெரிய கப்பலே உத்தமம். கூட்டத்தைப்போல மறைவான இடம் வேறில்லை. ரீஜென்ட் கப்பல்களில் இந்தப் பிரச்சினையை நேராகவே தீர்த்துவிட்டார்கள்: குறித்த மாலையில் எல்லாரும் கோப்பையும் கையுமாகத் தத்தம் அறை வாசலில் வந்து நிற்க வேண்டும், அக்கம்பக்கத்தாரை அறிந்துகொள்ள வேண்டும், கேப்டனும் அதிகாரிகளும் நடைபாதையில் ஊர்வலம் வருவார்கள். திண்ணை இல்லாத குறை நீங்கியது.

இந்தச் சமூகத்தின் உண்மையான திண்ணை வேறு இடத்தில் இருக்கிறது. பல சொகுசுக் கப்பல்களில் பயணிகளே துணி துவைத்துக்கொள்ள ஒரு சின்ன அறை உண்டு: இரண்டு மூன்று மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, காசில்லை. பட்லர் வைத்துக்கொடுக்கும் கப்பலில் ஏன் கம்பெனித் தலைவர் ஒருவர் தன் காலுறையைத் தானே உலர்த்த வேண்டும் என்று கேட்கலாம். கப்பலின் எல்லாச் செய்தியும் அங்கேதான் காய்கிறது என்பதே விடை. மெஷின் சுற்றி முடிக்க முக்கால் மணி. நகர முடியாது, ஏனென்றால் நகர்ந்தால் அடுத்தவர் உங்கள் ஈர உள்ளாடைகளை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிடுவார். அப்படி எடுத்து வைத்தவர், வைக்கப்பட்டவர் என்று இரு கட்சி உண்டாகி, இரவு விருந்துக்குள் கப்பல் முழுக்க இடம் பிடித்துவிடும். அங்கேயும் நாள்கணக்கு செல்லும்: நூற்றைம்பது நாள் பழையவர் அழுக்குக் கூடையோடு வந்து நின்றால் புதியவர் தானாகவே ஒதுங்கி, “நீங்கள் முதலில் போடுங்கள்” என்கிறார். எந்தச் சட்டத்திலும் எழுதாத விதி இது.

மாலை நாலரை மணிப் பொது அறிவுப் போட்டியையும் சொல்லாமல் விடக்கூடாது. கடலில் கழியும் முதல் நாளில் ஆறாறு பேராகச் சேரும் அணி கடைசிவரை பிரியாது. பரிசு ஒரு சாவிக்கொத்து, அல்லது பெட்டியில் கட்டும் பெயர்ச் சீட்டு. அதற்காக, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னிதான் என்று நடுவரோடு மல்லுக்கு நிற்பதைக் காணலாம். ஏன் இவ்வளவு ஆவேசம்? நாள் இல்லாதவர்கள் ஏறி வர அந்தக் கப்பலில் மிச்சமிருக்கும் ஒரே ஏணி அது. முதல் பயணக்காரர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து சரியான விடை சொன்னால், எண்ணூறு நாள்காரரே தன் அணிக்கு வரும்படி ஆள் அனுப்புவார். ஆனால் இதையும் விதிவிலக்காகக் கொள்ள முடியாது, ஏனென்றால் அழைப்போடு அடுத்த கேள்வியும் வரும்: “அடுத்த பயணம் பதிவு செய்துவிட்டீர்களா?” பதிவு செய்ய வசதியாகக் கப்பலிலேயே ஒரு மேஜையும் ஆளும் உண்டு.

கடைசி இரவுதான் இக்கோட்பாட்டின் இறுதிச் சோதனை. இறங்குகிறவர்கள் பெட்டியைக் கட்டி, நிறச்சீட்டு மாட்டி, இரவே அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். நீளமான நடைபாதை, ஒவ்வொரு கதவுக்கும் வெளியே இரண்டு மூன்று பெட்டிகள். மின்னஞ்சல் முகவரி எழுதிய தாள்கள் சட்டைப்பைக்குள் போகின்றன, கட்டித் தழுவல்கள் நடக்கின்றன, மறுநாள் போட்டுக்கொள்ளும் துணியையும் பெட்டியில் வைத்துவிட்டதை ஒருவர் இப்போதுதான் உணர்கிறார். இந்தப் பெட்டி வரிசையில் அங்கங்கே சில கதவுகள் மட்டும் வெறுமையாக இருக்கும். இறங்காமல் அடுத்த பயணத்துக்கும் தங்குகிறவர்களின் அறைகள் அவை. அந்த வழியாகப் போகிறவர்கள் நடையைச் சற்றுக் குறைத்து, பெட்டியில்லாத கதவை ஏறெடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் பிற்பகல் அந்தக் கதவுக்காரர்கள் மேல் தளத்தில் கைப்பிடியில் சாய்ந்து நின்று, படிக்கட்டில் ஏறி வரும் புதியவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு உணவுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.