அருவிக்கும் பெரட்டு

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து சனம் வரும், வந்து காசும் கொடுக்கும் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், லயத்து வாசலில் குந்தியிருந்த கிழவிகள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்கள். தலவாக்கலைப் பக்கம் வருகிறவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம் பேரைத்தான்: சம்பளத்தன்று சரியாக வழிமறித்து நிற்கும் சேலைக் கடன்காரர், மாசி மாதத்தில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காமன் கூத்து ஆட வரும் ரதியும் மன்மதனும், பெண் பார்க்க வந்து ரொட்டியையும் சம்பலையும் ஒரு கை பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று இன்றுவரை சொல்லி அனுப்பாத மாப்பிள்ளை வீட்டார். இயற்கையைப் பார்க்க யாரும் வந்ததாக நினைவில்லை. அதனிடமிருந்து தப்புவதே எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. விடியுமுன் தப்புச் சத்தத்தில் எழுந்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி சாயத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடிய அம்மாவுக்கு, எதிரே பனிக்குள்ளிருந்து எழுந்துவரும் கிரேட் வெஸ்டர்ன் மலையை அண்ணாந்து பார்க்க ஏது நேரம்? அதிலிருந்து மழை இறங்குமா இறங்காதா என்பதுதான் அவளுடைய கேள்வி.

இன்று அந்தப் பனிக்குத்தான் விலை. பதுளை ரயிலில் முன்பதிவு இருக்கைக்கு அடிதடி. கிடைக்காதவர்கள் வாசலில் தொங்குகிறார்கள், கிடைத்தவர்களும் படத்துக்காக எழுந்து வந்து தொங்குகிறார்கள். இந்தப் பாதை 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருஷம் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது, மலையில் விளைந்ததைத் துறைமுகத்துக்கு இறக்க; பெட்டிகளோடு மனிதர்களும் ஏறிக்கொள்ளலாம் என்பது பிற்பாடு கிடைத்த சலுகை. என் சிறுவயதில், வெளியே இன்றைக்கு உலகமே வாய்பிளந்து பார்க்கிற காட்சி ஓடிக்கொண்டிருக்க, மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு இடப்பட்ட ஒரே கட்டளை, "சன்னல இழுத்துச் சாத்துடா, கூதல் அடிக்குது" என்பதுதான். ரயிலின் வாலில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி இருக்கும். அதில் வெள்ளைக்காரர்களும் வசதிபடைத்தவர்களும் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து போவார்கள். கடந்துபோன இடத்தையே பார்த்துக்கொண்டு போவதற்கு ஒருவன் கூடுதல் காசு கொடுப்பானேன் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை. இப்போது வயது அறுபதைத் தாண்டிய பிறகு நானும் அதைத்தான் செய்கிறேன், நல்லவேளை, இலவசமாக. ஒன்று மட்டும் மாறவில்லை. இறால் வடையை இன்னமும் கொப்பித் தாளில்தான் சுற்றித் தருகிறார்கள். எவனோ ஒரு பையனின் கணக்கைப் படித்துக்கொண்டே தின்னலாம். வடையின் விலைதான் எங்கோ போய்விட்டது. கணக்கு இன்னமும் பிழைதான்.

எங்கள் பக்கத்துப் பெயர்களைக் கேட்டாலே வருகிறவர்களுக்கு மெய்சிலிர்க்கிறது. ஹோலிரூட், சமர்செட், பாமஸ்டன், கிளாரண்டன் என்று வாசித்துவிட்டு, ஏதோ பிரபுக்களின் மாளிகைக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அந்தப் பிரபுக்களின் பெயரில் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பதிந்து கொழுந்து கிள்ளியவர்கள். ரயிலை இழுத்த டீசல் எஞ்சின்களும் லேசுப்பட்டவையல்ல. 1954 முதல் கனடாவிலிருந்து வந்தவை, ஒன்றின் பெயர் அல்பெர்ட்டா, இன்னொன்றின் பெயர் ஒன்டாரியோ. ஆக, தோட்டத்துக்குப் பிரித்தானிய அடையாளம் இருந்தது, எஞ்சினுக்குக் கனடிய அடையாளம் இருந்தது. தோட்டத்திலிருந்து அந்த ரயிலேறிய ஆளுக்குத்தான் எந்த நாடும் இருக்கவில்லை. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையை 1947இல் தலவாக்கலைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே எங்கள் ஓட்டும் போனது. அந்தக் கணக்கு ஒருவழியாகத் தீர 2003 வரை ஆனது. இதையெல்லாம் பயணக் கையேடுகள் எழுதுவதில்லை. அவற்றில் இடம் குறைவு, அருவிகள் அதிகம்.

அருவி என்றதும் சென் கிளயர் ஞாபகம் வருகிறது. ஹட்டன் வீதியில் பஸ் அந்த வளைவை எடுக்கும்போது, அந்த இரைச்சலைக் கேட்டுத் தூங்குகிற குழந்தைகூட விழித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இதை இலங்கையின் குட்டி நயாகரா என்று சொல்லிக்கொடுத்தார்கள். நயாகராக்காரர்கள் அதைப் பெரிய சென் கிளயர் என்று சொல்லிக்கொள்வார்களா என்று நான் கேட்டதற்கு, முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். பிறகு மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. ஊரின் தாழ்ந்த பக்கத்து வீடுகளும் கடைகளும் இடம் மாறின, ஆறு இருந்த இடத்தில் குளம் வந்தது, 2012இல் 150 மெகாவாட் மின்சாரமும் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன் மின்சாரத்தைக் குறை சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. ஆனால் ஆற்றுநீர் சுரங்கத்துக்குள் போய்விட்டதால், அருவி வற்றிவிடாதிருக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள்: காலையில் வெளிச்சம் வந்ததும் அளந்து தண்ணீர் விடுவது, பொழுது சாய்ந்ததும் நிறுத்திக்கொள்வது. பெருமழைக் காலத்தில் அது தன்னிஷ்டத்துக்கு ஆடுவது வேறு. இருநூறு வருஷமாக எங்களை மட்டும் பெரட்டுக்கு நிறுத்திய மலைநாடு, கடைசியில் அருவியையும் பெரட்டுக்கு நிறுத்திவிட்டது. நாள் முழுக்க நின்றால்தான் பேர். ஒரு வித்தியாசம், அதற்கு அரைப்பேர் போடுகிற கணக்கப்பிள்ளை இல்லை.

தேயிலை ஸ்டோர்களுக்கும் நல்ல காலம். கந்தப்பொலையில் ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகிவிட்டது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது விருந்தினர்கள் வாடாமல் உறங்குகிறார்கள். முற்றத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றை நிறுத்தி அதற்குள் சாப்பாடு போடுகிறார்கள். மலைமேட்டில், முதுகில் கூடை தொங்கக் கொழுந்துப் பெண்கள் படத்துக்கு நிற்கிறார்கள். பிரம்புக் கூடை போய்ச் சாக்கு வந்து வெகுகாலமாயிற்று. நிறுவைக்குச் சாக்கு, கமராவுக்குக் கூடை.

நானும் ஒரு காலத்தில் பழைய ஊர்களின் மேல் மையல் கொண்டவன்தான், என்ன, வேறு யாருடைய ஊர்களின் மேலோ. கணக்கப்பிள்ளை வீட்டுச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. மத்தியதரைக் கடல் தீவொன்றின் மலைக்கிராமம், வெள்ளைச் சுவர்கள், கற்படிகள், வாசலில் ஒரு கறுப்புப் பூனை. அங்கே பிறந்தவன் எவ்வளவு கொடுத்துவைத்தவன் என்று ஏங்கியபடி நான் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் குடும்பம் இருந்த லயத்துக்குத் திரும்பி நடப்பேன். கொழும்பில் படிக்கப் போனபோது, ஊர் எது என்று கேட்டவர்களிடம் "நுவரெலியாப் பக்கம்" என்று மழுப்பியவனும் நானே. இப்போது அதே வாயால் தோட்டத்தின் பெயரை, டிவிசன் பெயரோடு சேர்த்து, கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன்.

அந்தக் கலண்டர்க் கிராமங்களின் கதையைப் பிறகுதான் பத்திரிகையில் படித்தேன். சிசிலித் தீவில் சம்புக்கா என்ற பழைய மலையூர், 2019இல் பாழ்வீடுகளை 1 யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. இளசுகள் எல்லாம் பிழைக்கப் போய்விட்டார்கள், படிகளில் இறங்க ஆளில்லை. நான் ஏங்கிய அதே வாசலிலிருந்து அங்கே ஒரு பையன் என்னைப்போலவே மூட்டை கட்டியிருக்கிறான்! ஆனால் அங்கே வீட்டை விற்க முடிந்தது. எங்கள் லயக் காம்பராவை ஒரு ரூபாய்க்கும் விற்க முடியாது, ஏனென்றால் நாலு தலைமுறை அதில் பிறந்து செத்தாலும் அது எங்களுடையதல்ல. அண்மைக் காலத்தில் சிலருக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது; மற்றவர்கள் இன்னும் அழகான காட்சியின் நடுவில் ஓசியில் குடியிருக்கிறார்கள்.

தங்கை மகன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். போன முறை ஊருக்குப் போனபோது என்னிடம் ஒரு தொழில் திட்டத்தோடு வந்தான்.

"மாமா, நான் ஓட்டுறேன், நீங்க பின்னால உக்காந்து பழைய கதையெல்லாம் சொல்லுங்க. வெள்ளைக்காரங்களுக்கு ஹெரிடேஜ்னா உசிரு மாமா. சரிபாதி."

அருவி, ஸ்டோர், ஸ்டேசன், தொரை பங்களா என்று ஒரு பட்டியல் போட்டோம். கூலியையும் பேசி முடித்தோம். அவன் என் தங்கை மகன், சரிபாதி என்பது பெட்ரோல் காசு போக என்று அப்போதுதான் சொன்னான். கடைசியில், "லயத்தையும் சேத்துக்குவோமா மாமா? நூறு வருசத்துக்கு மேல பழசு" என்றான்.

"அதெப்படிடா," என்றேன். "அதுல இன்னும் ஆளுங்க இருக்காங்களே."