மாதிரி விமான எஞ்சின் பேணுதல்: எரிபொருள், ஊசி, உரிமையாளர் ஆகிய முக்காரணிகள் பற்றிய ஆய்வு

1. வரையறை

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஓடி, மற்ற ஆறு நாளும் பேசப்படும் இயந்திரமே மாதிரி விமான எஞ்சின். அதன் வகைகளுள் ‘நாற்பது’ எனப்படும் 6.5 சிசி டூ-ஸ்ட்ரோக் குளோ எஞ்சின் மட்டுமே இங்கு ஆராயப்படுகிறது. இதில் தீப்பொறி கிடையாது. பிளக்கிலுள்ள பிளாட்டினக் கம்பிச் சுருளை 1.5 வோல்ட் மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சி எஞ்சினைக் கிளப்பினால் போதும். பிறகு எரிதலின் வெப்பமும், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் நிகழ்த்தும் வினையும் சுருளைக் கனலவைத்திருக்கும். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரே ஆர்டன் இந்தப் பிளக்கைப் பரப்பியதும் காயில், கண்டென்சர், பேட்டரி ஆகியவற்றைச் சுமக்கும் வேலை ஒழிந்தது. மிச்சமான நேரம் எரிபொருள் பற்றிய வாதத்துக்குப் போயிற்று.

2. எரிபொருள்

மெத்தனால், எண்ணெய், நைட்ரோமீத்தேன் ஆகிய மூன்றும் சேர்ந்தது எரிபொருள். நைட்ரோ கூடினால் சக்தி கூடும், ஐடிலிங் சீராகும், பர்ஸ் இளைக்கும். உலகப் போட்டிகளின் எஃப்2ஏ வேகப் பிரிவில் 80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு விளக்கெண்ணெயும் மட்டுமே அனுமதி. நைட்ரோ ஒரு துளியும் இல்லாமல் அவ்விமானங்கள் மணிக்கு 300 கி.மீ. அளவில் பறக்கின்றன. புல்தரை மேல் சும்மா வட்டமடிப்பவருக்கோ 15 சதவீதத்துக்குக் குறைந்தால் மனம் ஒப்புவதில்லை.

எண்ணெயில் கட்சி இரண்டு. விளக்கெண்ணெய் கடும் சூட்டிலும் உலோகத்தைக் காக்கும். ஆனால் பழுப்பு வார்னிஷாகப் படியும். செயற்கை எண்ணெய் சுத்தமானது. எஞ்சின் அளவுமீறிச் சூடானால் முதலில் கைவிடுவதும் அதுவே. இரண்டையும் கலந்து விற்பது வணிகர் கண்ட சமரசம்.

3. ஊசி

ஊசிவால்வைத் திறந்தால் எரிபொருள் கூடும். மூடினால் குறையும், வேகம் ஏறும், எஞ்சின் காயும். முழு த்ராட்டிலில் எரிபொருள் குழாயை நொடிப்பொழுது கிள்ளிவிட வேண்டும். சுழற்சி சற்றே ஏறித் தணிந்தால் அமைப்பு சரி. உடனே அடங்கினால் ஊசியைத் திறக்க வேண்டும். மூக்கை வானோக்கி நிமிர்த்தியபோதும் சுருதி இறங்கக்கூடாது. புகைக்கோடு தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது மரபு. சைலன்சருக்குப் பின்னால் நிற்பவருக்கு அது தானாகவே அமையும். சரியாக அமைந்த ஊசியை இன்னும் ஒரு ‘கிளிக்’ மூடிப் பார்ப்பதே பெரும்பாலான எஞ்சின் மரணங்களுக்குக் காரணம்.

4. பராமரிப்பு

புதிய எஞ்சினை முதலில் எரிபொருள் மிகுதியாக விட்டு, இடையிடையே ஆறவைத்து ஓட்ட வேண்டும். நாளின் முடிவில் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், உள்ளே தங்கும் மிச்சம் பேரிங்குகளைத் துருப்பிடிக்கவைக்கும். கடைசியில் சில சொட்டு எண்ணெய் விட்டு, ப்ரொபெல்லரைக் கையால் சுற்றிவைத்தால் போதும். விளக்கெண்ணெய் இறுகி பிஸ்டன் சிக்கிக்கொண்டால் ஹேர் டிரையரால் சூடுகாட்ட இளகும். டிரையரைத் துடைத்துப் பழைய இடத்தில் வைப்பதும் பராமரிப்பில் அடங்கும்.

எரிபொருள் கேனை இறுக மூடி, நெருப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்: மெத்தனால் நஞ்சு, அதன் சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படாது. இதில் மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.