ஏழு பேர் எழுந்து போனதால்…

கேள்வி: 'போல்ஷெவிக்' என்றால் புரட்சிக்காரர் என்றா அர்த்தம்?

பதில்: இல்லை, 'பெரும்பான்மையினர்'! ரஷ்ய மொழியில் 'போல்ஷின்ஸ்த்வோ' என்றால் பெரும்பான்மை, 'மென்ஷின்ஸ்த்வோ' சிறுபான்மை. 1903-ல் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி மாநாடு பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்தது. 'கட்சி உறுப்பினர் யார்?' என்ற ஓட்டெடுப்பில் லெனின் தோற்றார், கட்சியின் இன்னொரு தலைவரான மார்த்தவ் ஜெயித்தார். பிறகு மார்த்தவ் பக்கம் ஓட்டுப் போட்ட ஏழு பேர் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்ய, 'இஸ்க்ரா' பத்திரிகை ஆசிரியர் குழுத் தேர்தலில் லெனின் கை ஓங்கியது. அப்படிக் கிடைத்த 'பெரும்பான்மை' என்ற பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மார்த்தவ் அணியோ 'மென்ஷெவிக்' பட்டத்தைக் கடைசிவரை சுமந்தது. 1917 அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் இந்தப் 'பெரும்பான்மை'க்கு விழுந்தது சுமார் கால்வாசி ஓட்டுதான். அதனால் என்ன? ஆட்சி அவர்கள் கையில்; பெயரை மாற்றவில்லை; சபையைக் கலைத்துவிட்டார்கள்!