மூக்குண்டு, செவியில்லை: காரின் புகைக்குழாய் மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகைப் பரிசோதனைக் கூண்டில் ஒரு கார் உத்தமன் எனச் சான்று பெறுகிறது. அடுத்த சிக்னலில் போக்குவரத்துக் காவலர் அதே காரை ஓரங்கட்டுகிறார். இரண்டு தீர்ப்பும் சரியே. எங்ஙனம்?

கருதுகோள்

சோதனைக் கருவிக்கு மூக்கு உண்டு, செவி இல்லை.

உறுப்பியல்

எஞ்சின் முதல் வால்வரை ஓடும் குழாய் இருபாற்படும். முன்பாதியில் உறைவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களைப் பூசிக்கொண்டு நச்சுப் புகையை வெளுத்தனுப்புவது அதன் தொழில். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. பின்பாதியில் உறைவது மப்ளர். அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். முன்னது மூக்குக்குக் காவல். பின்னது செவிக்குக் காவல்.

சோதனை முறை

ஐட்லிங்கில் உறுமும் காரின் வாலுக்குள் ஒரு குழல் நுழைகிறது. பிஎஸ்-4, பிஎஸ்-6 பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டலாகாது. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, ஓராண்டுக்குச் சான்று அச்சிடுவர். காது கிழியும் சத்தத்தில் நின்றபடியே அச்சிடுவர். சான்றில் டெசிபலுக்குக் கட்டம் இல்லை.

மாற்றுவோர் வகை

மாற்றுவோர் மூவர். கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே கழற்றி எறிபவர் அதமர். சான்று முடியும் வாரம் பழையதைத் தேடிப் பூட்டி, மறுவாரம் கழற்றுவது இவர் நோன்பு. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் புத்தகம் திறக்கும் மாணவர் மரபினர்.

முன்பாதியைத் தொட்டும் தொடாமலும் வெல்டிங் வைப்பவர் மத்திமர். இணைப்பில் கசிவு விழுந்தால் வெளிக்காற்று உட்புகும். ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று முறையிடும். எஞ்சின் கணினி அள்ளி ஊற்றும். கார் சோதனையில் தோற்கும். ஓசைக்குச் செலவழித்தவர் மூக்கிடம் மாட்டுகிறார்.

முன்பாதியை வணங்கி விலகி, பின்பாதியை மட்டும் மாற்றுபவர் உத்தமர். கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் உழைக்கும் என்றறிந்து, கூண்டுக்குப் போகுமுன் பைபாஸில் ஒரு சுற்று ஓட்டியும் விடுவார்.

மறுப்பும் விடையும்

"சான்றுதான் இருக்கிறதே, அபராதம் எதற்கு?" என்பர் உத்தமர். விடை: நிறுவனம் குறித்துத் தந்த அமைப்பை மாற்றலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 190(2) காற்று மாசையும் ஒலி மாசையும் ஒரே மூச்சில் பேசி, ரூ.10,000 வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. சான்று என்பது மூக்கு சொன்ன சாட்சி. செவியின் சார்பில் கையெழுத்திட மூக்குக்கு அதிகாரமில்லை.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் செவிச் சோதனை நாட்டில் அறவே இல்லை என்பது பிழை. மதியத் தூக்கம் கலைந்த மாடிவீட்டுப் பாட்டி அதைக் கட்டணமின்றி நாள்தோறும் நடத்திவருகிறார். அவர் சான்று தருவதில்லை, சாபம் தருகிறார். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தேவையுமில்லை.