பால் விலக்கியவனின் கடிதம்

கொலோன், ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம்; திருவதிகையில் தாங்களும் மாமாவும் குழந்தைகளும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம்.

பாலும் தயிரும் ஒத்துக்கொள்ளாத வயிற்றையும், முட்டையைக்கூடத் தொடாத நாக்கையும் வைத்துக்கொண்டு அந்தச் சீமையில் எதைத்தான் சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சூலை நோய் பொறுக்காமல் தமக்கையார் திலகவதியாரிடம் ஓடிவந்த மருணீக்கியாருக்கு வீரட்டானத்துத் திருநீறு கைகொடுத்தது; எனக்கோ தமக்கை கெடிலக் கரையிலும் வயிறு ரைன் நதிக் கரையிலுமாக இருப்பதால், அச்சடித்த எழுத்தையே சரணடைய வேண்டியதாயிற்று.

இவ்வூர்ச் சமையலில் பன்றி எங்கே ஒளிந்திருக்கும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. சாதுவான பருப்பு சூப்பின் அடியில் சாஸேஜ் கிடக்கும்; புளிக்கவைத்த முட்டைக்கோஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள்; உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடையைக் கண்டு ஆவலோடு நெருங்கினால் அதில் முட்டை. ஆனால் கேட்டால் மறைப்பதில்லை. பால், முட்டை, கடலை முதலாக ஒவ்வாமை தரக்கூடிய 14 வஸ்துக்களில் எது கலந்திருந்தாலும் ஓட்டல்காரர் தெரிவித்தாக வேண்டுமென்று 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சட்டம். நான் வாயைத் திறந்ததுமே பரிசாரகர் தடித்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து, முகூர்த்தம் பார்க்கும் புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது போலப் புரட்டி, எனக்குரிய ஆகாரம் அன்றைக்கு உண்டா இல்லையா என்று கணித்துச் சொல்வார். பெரும்பாலும் இல்லை. திராட்சை மதுவைத் தெளியவைக்கச் சேர்த்த பால் புரதம் அதில் தங்கியிருந்தால் அதையும் புட்டியின் மேல் குறிக்க வேண்டுமாம். (வாசித்தேன், குடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.) நெய்வேலிச் சுரங்கத்தில் நாம் அண்ணாந்து பார்த்த சக்கர யந்திரங்களுக்குத் தாய்வீடு இந்தத் தேசந்தானே! ஒரு நாளில் 2,40,000 டன் பழுப்பு நிலக்கரியை வாரக்கூடிய யந்திரத்தைக் கட்டிய அதே ஜனங்கள், மிளகாய்ச் சிவப்பில் மினுக்கும் உருளைக்கிழங்கு வறுவலில் கால் சிட்டிகை பால்பொடி கலந்திருப்பதையும் கொட்டை எழுத்தில் எழுதிவைக்கிறார்கள். லாக்டோஸ் இல்லாத பாலென்று ஒன்றும் கடையில் விற்கிறது. என் சத்துரு பாலிலுள்ள சர்க்கரையன்று, புரதம் என்பதால் அதனாலும் பிரயோஜனமில்லை. ஆகவே பெரும்பாலும், ரை மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டிதான் என் நித்திய நைவேத்தியம். பல் பலமாயிருக்கிறது.

நம்மவர் ஓட்டலுக்குப் போகக் கூடாதா என்பீர்கள். அங்கேதான் அபாயம் அதிகம். வடக்கத்திப் பாணிச் சமையலில் பருப்பின் மேல் வெண்ணெய், வெண்ணெயின் மேல் கிரீம், வேண்டாமென்று கெஞ்சினால், "நெய் எப்படிப் பாலாகும்?" என்று தர்க்கம் தொடங்கிவிடும். அன்புக்குச் சட்டமேது?

ஹாம் நகரத்தில் ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குத் தேர்த் திருவிழா காணப் போயிருந்தேன். அனல்மின் நிலையம் இருக்கும் அதே வட்டாரத்தில் கோபுரம் நிற்பதைக் கண்டதும், நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த எனக்கு ஊருக்கே வந்துவிட்டதாகத் தோன்றியது. கூட்டத்தில் பரிச்சயமான யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் மறுவாரமே வீட்டுக்கு அழைத்து, என் வியாதியின் சரித்திரத்தைப் பொறுமையாகக் கேட்டு முடித்து, "மோர் பால் இல்லைத்தானே தம்பி, குடியுங்கோ, வயித்துக்கு நல்லது" என்று செம்பை நீட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே இடியப்பத்தையும், தேங்காய்ப் பாலில் வைத்த சொதியையும் கொண்டுவந்தார். அவர்கள் அடுப்பில் பசுவுக்கு வேலை குறைவு, தென்னைக்கே அதிகாரம்! எத்தனை இடியப்பம் என்று கேட்காதீர்கள். அவர் கணவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் இங்கே வரவிருக்கும் சிநேகிதனிடம் மைசூர்பாகு கொடுத்தனுப்ப வேண்டாம். பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ போதும். ஊறவைத்து அரைத்தால் பாயசத்துக்குப் பாலாகிவிடும். மாமாவிடம் ஒரு சமாசாரம் சொல்லுங்கள்: இறைச்சியை விட்டுவிட்ட ஜெர்மானியர்கள் அந்த ருசியை மட்டும் விட மனமின்றி, அதற்குப் பதிலாகப் பலாப்பிஞ்சைத் தகர டப்பியில் அடைத்து வாங்கித் தின்கிறார்கள். நம் தோப்பில் உதிர்ந்து மக்கும் பிஞ்சுகளை எண்ணினால் எனக்கு வயிற்றெரிச்சலாயிருக்கிறது. இதற்கு மட்டும் பால் காரணமன்று.

இப்படிக்கு,
அன்புத் தம்பி