ஆயி வருது

“என்ன மாப்ள, வேல போயிடுச்சாமே?”

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார் மாமனாருக்குப் பெரியப்பா முறையாகும் ஒரு பெரியவர்.

“போகலைங்க. வீட்டுல இருந்தே செய்யிறேன்.”

“மாமனார் வூட்டுல இருந்தா?”

இதற்குமேல் விளக்கினால் மானம்தான் போகும்.

நடந்தது இதுதான். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதே வாரம் என் மகன் பிறந்தான். மாவட்டத்துக்கு ஆட்சியர் கிடைத்தார். மகனுக்கு நான் கிடைத்தேன். மனைவி கல்வராயன் மலையில் அரசு நர்ஸ். ஒன்பது மாத மகப்பேறு விடுப்பு முடிந்து 2020 ஆகஸ்டில் அவள் மலையேறிவிட்டாள். கொரோனாவால் சென்னை அலுவலகம் பூட்டியிருந்ததால், நான் மடிக்கணினியும் நான்கு வயது மகளும் ஒன்பது மாத மகனுமாக அடிவாரத்தில் மாமியார் வீட்டில். மாமியாருக்கு மூன்று மாடு, ஒரு மரவள்ளிக் காடு. பேரப்பிள்ளைகளுக்கு அவர் ஒதுக்கிய நேரம் இருட்டிய பிறகுதான்.

பகலில் அவர் கண்ணுக்கு நான் சும்மா இருக்கிற ஆள். ஒரு நாள் அமெரிக்க வாடிக்கையாளரிடம் முக்கியமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். “மாப்ள, சும்மாதான இருக்கீங்க, வாசல்ல மக்காச்சோளம் காயுது, கோழி வராம பாத்துக்குங்க” என்று போய்விட்டார். அன்று நான் இடையிடையே “சூ, சூ” என்றதை அந்த வாடிக்கையாளர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, இன்றுவரை தெரியாது.

மகனைத் தூளியில் போட்டு, தூளிக் கயிற்றை என் வலது கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வேன். காலை ஆட்டினால் தூளி ஆடும். கூடவே நானும் ஆடுவேன். “நீங்கள் படகிலா இருக்கிறீர்கள்?” என்று வீடியோவில் பார்த்த ஒருவர் கேட்டார். ஆட்டத்தை நிறுத்தினேன். பத்தாவது விநாடியில் மகன் கூட்டத்தில் பேச ஆரம்பித்தான். மறுபடி படகில் ஏறினேன்.

மகள் வேறு ரகம். எனக்குப் பேச முறை வரும்வரை பொம்மையோடு இருப்பாள். நான் மியூட்டை எடுத்ததும் வந்து நிற்பாள். ஒரு திங்கட்கிழமை, மொத்தக் குழுவும் கேட்க, “அப்பா, ஆயி வருது!” என்றாள்.

தமிழ் தெரிந்த இருவர் கேமராவை அணைத்துக்கொண்டார்கள். பூனாக்காரப் பெண் மட்டும் நெகிழ்ந்துபோனாள். மராத்தியில் ஆயி என்றால் அம்மா. “பாவம், அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. ஆயி வரட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்” என்றாள். ஆயி வந்துகொண்டே இருந்ததால் நான் விடைபெறாமல் ஓடினேன். திரும்பி வந்தபோது, “ஆயி நலமா?” என்று கேட்டாள். நலம் என்றேன்.

அந்த ஆகஸ்ட் கடைசியில், கூட வேலை பார்த்தவர் காய்ச்சலில் படுத்துவிட, மனைவி ஒரு வாரம் இறங்க முடியவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நானே மேலே போவதென்று முடிவு செய்து மேனேஜரிடம் சொன்னேன். அவர் பாலக்காட்டுக்காரர்.

“அங்கே என்ன ஜனங்கள்?”

“மலையாளிகள்.”

“எத்தனை குடும்பம்?”

“மலை முழுக்க.”

ஓணத்துக்குச் சில நாட்களே இருந்தன. அங்கே பூக்கோலம் போடுவார்களா, பாயசம் உண்டா என்று அடுக்கிக்கொண்டே போனார். இவர்கள் தமிழ் பேசும் பழங்குடிகள், சாமையும் தினையும் விளைவிப்பவர்கள், மலையில் வாழ்வதால்தான் அந்தப் பெயர் என்று நான் சொன்னதும் அடங்கிப்போனார். லீவு கேட்டிருந்தால் அதற்கு முந்தின நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

மலையில் சிக்னல் ஒரு புளியமரத்தடியில் மட்டும் குடியிருந்தது. இடுப்பில் மகன், கையில் மகள், தோளில் மடிக்கணினி என்று போனேன். பக்கத்தில் நூறு நாள் வேலை. பெண்கள் குட்டை தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். மர நிழலில் ஒரு அம்மா மட்டும் மண்வெட்டி தொடாமல் ஆறு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மாமியார் வீட்டுப் பழக்கம்.

சும்மா இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்தோ அதற்கு மேலோ வேலையிடத்தில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்களிலேயே ஒருவரை அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு என்று 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு 2020-இல் நிர்ணயித்த தினக்கூலி 256 ரூபாய். குழந்தை பார்ப்பது ஒரு முழு வேலை, கூடவே மண்ணும் வெட்டச் சொல்லக்கூடாது என்பது நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது.

என் இரண்டையும் அந்த ஆறோடு சேர்த்துக்கொண்டார். மகன் அவர் மடியில் விழுந்ததும் தூங்கினான். எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

“நர்ஸம்மா வூட்டுக்காரரு, உங்களுக்கு என்ன வேல?”

“கம்ப்யூட்டர்ல பேசற வேலைங்க.”

“நீங்க பேசறப்ப புள்ளைங்கள யாரு பாக்குறது?”

“நான்தான்.”

மகனின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டே கேட்டார்: “அதுக்குத் தனியா எவ்ளோ தராங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காதில் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார், நான் மியூட்டில் இருக்கிறேனாம்.