ஒரே வீடு, ஒரே மைதானம்

கேள்வி: மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். விடியற்காலையில் பயிற்சி, சனி ஞாயிறு போட்டி. நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு. என்ன செய்ய? (வாசகி, திருச்சி)

பதில்: 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே, குளிர்காலத்தில் சும்மா கிடந்த வாலிபர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இப்போது குடும்பத்துக்கே வேலை! 40 நிமிட ஆட்டம்தானே என்று நம்பிப் போகாதீர்கள். விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நின்றுவிடும். அதனால் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டு எல்லோருமாகக் கிளம்புங்கள். கேலரிப் படியில் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் அது குடும்பச் சாப்பாடுதான். ஒன்றே ஒன்று: திரும்பும் வழியில், தவறவிட்ட ஃப்ரீ த்ரோவைப் பற்றி அப்பா வாயே திறக்கக் கூடாது. அதற்குக் கோச் இருக்கிறார். "பசிக்குதாம்மா?" என்று கேட்டால் போதும்.